எலியின் உள்ளுறுப்பைக் காணும் ஸிலிக்கன் கண்

ஹைதராபாத் நகரின் கீழ்த்திசையில், தொழிற்பேட்டைக்குப் பெயர்பெற்ற நாச்சாரத்திற்கு அண்மையில், தார்நாகாவில் தேசிய உணவூட்ட ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1918-இல் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் தோன்றிய இந்நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இங்கு வளர்க்கப்படும் எலிகளின் மரபு 1920 முதல் பேணப்பட்டு வருவதாகும். உணவு, மருந்து ஆகியவற்றின் குணங்களை மனிதன் அறிந்துகொண்டதில் இத்தகைய சிறு பிராணிகளின் பங்கு பெரிது.

அப்பங்கு பெரும்பாலும் உயிர்ப்பலியாகவே இருந்துவந்தது. உதாரணமாக, ஒரு கட்டியின் வளர்ச்சியை ஐந்து வாரம் கவனிக்க வேண்டுமாயின், வாரத்திற்கு ஆறாக முப்பது எலிகளைக் கொன்று அறுத்துப் பார்ப்பது பழைய முறை. உயிருள்ள எலியின் உட்புறத்தைப் படமெடுக்க இயலுமாயின், ஆறு எலிகளையே ஐந்து முறை பார்க்கலாம். பிராணிகளுக்குத் தேவையற்ற துன்பம் நேராது தடுப்பதே 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் நோக்கமுமாகும்.

படம் தோன்றும் விதம்

இதற்கு உதவும் கருவிகளுள் ஒன்று பாஸிட்ரான் படக்கருவி. குளுகோஸை ஒத்த ஒரு பொருளில் கதிரியக்கமுள்ள புளோரின்-18-ஐச் சேர்த்து எலியின் உடலிற் செலுத்துவர். வேகமாக வளரும் கட்டி அதனை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். புளோரினிலிருந்து வெளிப்படும் பாஸிட்ரான் ஓர் எலெக்ட்ரானுடன் கூடி அழியும்போது, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளிற் பாய்கின்றன. எலியைச் சூழ்ந்த படிக வளையத்தில் இரண்டும் ஒரே கணத்திற் படுமாயின், அவ்விரு இடங்களையும் இணைக்கும் கோட்டின் மீதே அவை பிறந்த இடம் உள்ளது என்று அறியலாம். இத்தகைய கோடுகள் லட்சக்கணக்கிற் சேர்ந்து படமாகின்றன.

குழலும் சில்லும்

காமாக் கதிர் பட்ட படிகத்தில் ஒரு மின்னல் போல் ஒளி தோன்றி மறைகிறது. அதனைப் பிடிப்பதில்தான் சிரமம் உள்ளது. மனிதனுக்கான கருவியில் 5 மில்லிமீட்டர்ப் பிழையைப் பொறுக்கலாம். சுமார் 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் இருதயமோ அவ்வளவினும் சற்றே பெரியது. ஆகவே, 1990-களில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள காலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான சிறு பிராணிக் கருவியில் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள படிகங்கள் பயன்பட்டன. அவற்றின் ஒளி, இழைகளின் வழியே ஒளிப்பெருக்கிக் குழல்களுக்குச் சென்றது. வெற்றிடமாக்கப்பட்ட இக்குழல்களுக்குச் சுமார் 1,000 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். காந்தப்புலத்தில் இவை சரிவர இயங்கா.

இக்குறைகளை நீக்கியது குறைகடத்தியாலான ஸிலிக்கன் ஒளிப்பெருக்கி. 1990-களில் ருஷ்ய ஆராய்ச்சியாளர் முன்னின்று உருவாக்கிய இச்சிறு சில்லில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஓர் எலிப்பொறியை ஒத்தது. ஒளித்துகள் ஒன்று பட்டதும் பொறி விழுகிறது. ஏறத்தாழப் பத்து லட்சம் எலெக்ட்ரான்கள் பாய்கின்றன. நொடிப்பொழுதினும் குறைந்த நேரத்தில் பொறி மீண்டும் ஆயத்தமாகிறது. விழுந்த பொறிகளின் கூட்டுத்தொகையே ஒளியின் அளவு. இதற்குச் சில பத்து வோல்ட் மின்னழுத்தமே போதும். காந்தப்புலத்தாலும் இதற்குத் தடையில்லை. எனவே காந்தப் படக்கருவியின் உள்ளேயும் இதனைப் பொருத்தலாம்.

குறை முற்றிலும் இல்லாமலில்லை. ஒளியே படாதபோதும் வெப்பத்தாற் சில பொறிகள் தாமாக விழுகின்றன. வெப்பநிலை சுமார் 10 டிகிரி உயர்ந்தால் இப்பொய்த் துடிப்புகள் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆகையால், கோடை கடுமையாகவுள்ள தக்காணம் போன்ற பகுதிகளில் கருவியைச் சீரான குளிர்ச்சியில் வைத்தல் இன்றியமையாதது.

பயன்

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், குறைகடத்தி உணரிகள் கொண்ட ஒரு சிறு வளையத்தை எலியின் தலையிலேயே பொருத்தி, அது விழித்து நடமாடும்போதே மூளையைப் படமெடுத்தனர். இம்முடிவு 2011-இல் வெளியாயிற்று. மயக்கமருந்து மூளையின் செயலை மாற்றிவிடும் என்ற தொல்லை இதனால் தவிர்க்கப்பட்டது.

இறுதியில் அறுத்துப் பார்க்கும் அவசியம் அடியோடு நீங்கிவிடாது. ஆயினும், முதல் வாரத்தில் பார்த்த அதே எலியையே ஐந்தாம் வாரத்திலும் பார்ப்பதால், எலிக்கு எலி உள்ள வேற்றுமை முடிவைக் குழப்புவதில்லை. முப்பது உயிர்கள் ஆறாகக் குறைவதோடு, கிடைக்கும் உண்மையும் உறுதி பெறுகிறது.