பின்வாசிப்புக்கான இணையச் சேமிப்பும் ஆய்வுச் சான்றின் நிலைபேறும்

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தில் காணும் கட்டுரைகளைப் பின்னர் வாசிப்பதற்கெனச் சேமித்து வைப்பது இன்றைய ஆய்வாளரின் அன்றாட வழக்கமாகியுள்ளது. முகவரியைச் சேமிப்பதும் பனுவலைச் சேமிப்பதும் ஒன்றல்ல என்பதைப் பாக்கெட் செயலியின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய குறியாக்கச் சிக்கலையும் குறிச்சொல் ஒழுங்கையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இணையச் சேமிப்பு, பக்க நகல், குறியாக்கம், ஒருங்குறி, குறிச்சொல்.

முன்னுரை

அச்சு நூலொன்றை மேற்கோள் காட்டும்போது ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றைத் தந்தால் போதும். ஐயமுறும் வாசகர் ஏதேனும் ஒரு நூலகத்தில் அதனைத் தேடிக் காணலாம். இணையப் பக்கத்திற்கு அவ்வுறுதி இல்லை. 2009இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை நிறுத்தியபோது அங்கிருந்த தனிநபர் பக்கங்கள் அவற்றின் முகவரிகளிலிருந்து மறைந்தன. தமிழ்ப் பக்கங்களும் அவற்றுள் அடங்கும். எனவே, ஓர் ஆய்வாளர் ஒரு பக்கத்தைச் சேமித்து வைப்பது வாசிப்பு வசதிக்காக மட்டுமன்று. சான்றைக் காப்பதற்காகவும் ஆகும்.

முகவரியும் பனுவலும்

2007இல் நேட் வைனர் என்பவர் 'ரீட் இட் லேட்டர்' என்னும் பெயரில் பயர்பாக்ஸ் உலாவிக்கான துணைநிரலாக உருவாக்கியதே பின்னர் பாக்கெட் ஆயிற்று. 2012இல் அப்பெயரைப் பெற்ற இச்செயலியை 2017இல் மோசில்லா நிறுவனம் வாங்கியது. 2025 ஜூலை 8இல் சேவையை நிறுத்தியது. பயனர்கள் தம் சேமிப்பைத் தரவிறக்கிக்கொள்ளக் கால அவகாசம் தரப்பட்டது. ஆயினும் அவ்வாறு கிடைத்த கோப்பில் தலைப்பு, முகவரி, குறிச்சொல் போன்ற விவரங்களே இருந்தன. கட்டுரைகளின் பனுவல் இல்லை. மூலப் பக்கமும் அழிந்திருப்பின் எஞ்சுவது ஒரு தலைப்பு மட்டுமே. உலாவியில் இடப்படும் பக்கக்குறிகளுக்கும் இது பொருந்தும்.

நகலும் பொதுக் காப்பகமும்

இக்குறையை நீக்க இருவகை நகல்கள் தேவை. முதலாவது, ஆய்வாளரின் கணினியில் இருக்கும் நகல். 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஜோட்டெரோ என்னும் கட்டற்ற மென்பொருள், நூல்விவரத்தையும் பார்த்த நாளையும் பதிவதோடு பக்கத்தின் நகலையும் உடன் சேமிக்கிறது. இரண்டாவது, பிறரும் சரிபார்க்கத்தக்க பொது நகல். இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் ஒரு முகவரியை அளித்துப் பக்கத்தைப் பதியச் செய்யலாம். அவ்வாறு கிடைக்கும் புதிய முகவரியிலுள்ள 14 இலக்கங்கள் பதிவான ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றைக் குறிப்பன. ஆய்வேட்டில் மூல முகவரியோடு இதனையும் தந்தால், பக்கம் பின்னர் திருத்தப்பட்டாலும் ஆய்வாளர் கண்ட வடிவத்தைத் தேர்வாளர் காண இயலும். கடவுச்சொல் கொடுத்து நுழைய வேண்டிய பக்கங்களுக்கு இம்முறை உதவாது. அவற்றுக்குக் கணினி நகலே துணை.

தமிழ்ப் பக்கங்களின் தனிச்சிக்கல்

நகல் இருந்தும் தேடலில் அகப்படாமை தமிழ்ச் சேமிப்பின் தனிச்சிக்கலாகும். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டேம் முதலிய குறியாக்கங்களில் அமைந்தன. உரிய எழுத்துரு இல்லாவிடில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பழைய எழுத்துருக்களில் உருவான பி.டி.எஃப். கோப்புகளில் கண்ணுக்குத் தமிழ் தெரியினும் 'கோயில்' எனத் தேடினால் விடை கிட்டாது. ஒருங்குறியிலும் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவோ இரு குறியீடுகளாகவோ பதிய இயலும். இவ்விரண்டையும் சமமாகக் கொள்ளாத மென்பொருள் ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுவிடும். ஆகவே மூலக் கோப்பை மாற்றாது வைத்துக்கொண்டு, ஆசிரியர், தலைப்பு, நாள், முதன்மைச் சொற்கள் ஆகியவற்றை ஒருங்குறியில் தட்டச்சிட்டு அதனுடன் இணைப்பது தக்கது.

குறிச்சொல் ஒழுங்கு

'சங்க இலக்கியம்', 'சங்கஇலக்கியம்', 'சங்க இலக்கியங்கள்' ஆகிய மூன்றும் மென்பொருளுக்கு மூன்று வேறு குறிச்சொற்கள். 'உ.வே.சா.', 'உ.வே.சாமிநாதையர்' என்பனவும் அவ்வாறே. எனவே தொடக்கத்திலேயே ஒரு சொற்பட்டியலை வகுத்து, ஒருமை வடிவத்தையும் ஒரே பெயர் வடிவத்தையும் இறுதிவரை கையாள வேண்டும். பொருள் குறித்த சொல்லோடு 'வாசிக்க வேண்டியது', 'வாசித்தது', 'மேற்கோளுக்குரியது' என நிலை குறித்த சொல்லொன்றையும் சேர்க்கலாம். இவற்றினும் இன்றியமையாதது, இப்பக்கம் எவ்வியலுக்கு எதன்பொருட்டுத் தேவை என ஒரு வரி எழுதிவைப்பது. அவ்வரியை எழுத இயலாத பக்கம் பெரும்பாலும் சேமிக்கத் தேவையற்றதாகும்.

முடிவுரை

சேவைகள் தோன்றும், மறையும். ஆய்வேட்டின் அடிக்குறிப்பு நிலைத்திருக்க வேண்டும். பக்க நகல், பொதுக் காப்பக முகவரி, ஒருங்குறி விவரம், ஒழுங்கான குறிச்சொல், நோக்கம் சுட்டும் ஒரு வரி ஆகிய ஐந்தும் ஒருங்கே அமையும்போது பின்வாசிப்புச் சேமிப்பு ஆய்வுச் சான்றாகும் தகுதியைப் பெறுகிறது. முனைவர் பட்ட ஆய்வு பல ஆண்டுகள் நீள்வது. முதலாண்டில் கண்ட பக்கம் இறுதியாண்டில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் இப்பயிற்சியை ஆய்வு நெறிமுறைப் பாடத்தின் தொடக்கத்திலேயே அளிப்பது பயன் தரும்.