பேனரிலிருந்து மொய் நோட்டுக்கு

நெருங்கிய நண்பர்களுக்குக் குழந்தை பிறக்கத் தொடங்கும்போதுதான், தாமும் பெரியவர்களாகிவிட்டதாகப் பலருக்கும் முதன்முதலாக உறைக்கிறது. 18 வயதில் வாக்குரிமை வந்துவிடுகிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் இருபதை ஒட்டிய வயதிலேயே சம்பளம் வாங்கத் தொடங்குகிறார்கள். அப்போதெல்லாம் வராத உணர்வு, கூட்டாளி வீட்டில் தொட்டில் கட்டியதும் வருகிறது.

படிப்பு, வேலை, மணம், மகப்பேறு ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வயது எது என்று எல்லாச் சமூகங்களும் எழுதாத கணக்கு ஒன்றை வைத்திருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் பெர்னிஸ் நியூகார்ட்டன் 1960-களில் இதைச் ‘சமூகக் கடிகாரம்’ என்று விளக்கினார். அந்தக் கடிகாரத்தில் மணி பார்க்க மனிதருக்கு உதவுவது கூடப் படித்தவர்களும் கூட வேலை செய்பவர்களும்தான். நிக்கோலெட்டா பால்போ, நிக்கோலா பார்பன் இருவரும் அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. பள்ளித் தோழிக்குக் குழந்தை பிறந்த பின் ஒரு பெண் தாயாகும் வாய்ப்பு கூடுகிறது. சுமார் இரண்டு ஆண்டுகளில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைகிறது.

ஒரே பேட்ச், ஒரே வயது

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதிகளில் இந்தக் கடிகாரம் உரக்கவே அடிக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு, வார்ப்பு, வேதிப்பொருள் ஆலைகளுக்கும், தேர்வாய்கண்டிகை சிப்காட்டுக்கும், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டைக்கும் ஆட்கள் பெரும்பாலும் பேட்ச் பேட்சாகவே வேலைக்கு வருகிறார்கள். ஒரே ஆண்டில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் ஒரே ரூமில் தங்கி, ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறார்கள். வயது ஒன்று என்பதால் கல்யாணமும் குழந்தையும் அடுத்தடுத்து வருகின்றன. நான்கு பேர் இருந்த ரூமில் மூவர் குடும்ப வீடு பார்த்துப் போய்விட்டால், நான்காமவருக்குத் தன் வயதைச் சொல்ல வேறு ஆள் தேவையில்லை.

தூரமும் அப்போதுதான் தெரியவருகிறது. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம் என்றாலும் வேறுவேறு ரயில் பாதைகளில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயிலில் போக, சென்னைக்குள் போய் வண்டி மாற வேண்டும். தனி ஆளுக்குச் சிறிதாகத் தெரிந்த இந்தப் பயணம், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு நாள் வேலையாகிவிடுகிறது.

கல்யாணம் செய்யாத மாற்றம்

திருமணம் நண்பர் கூட்டத்தைக் கலைப்பதில்லை. ஃப்ளெக்ஸ் பேனரில் எல்லோர் படமும் வரிசையாக இருக்கும். பணம் போட்டு வாங்கிய பரிசை எல்லோரும் சேர்ந்தே மேடையேறிக் கொடுப்பார்கள். மணமகனின் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்பதே அங்கே அவர்களுக்கு அடையாளம். குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தும் நாளில் அழைப்பு தனித்தனியாக வருகிறது. மொய் நோட்டில் ஊர்ப்பெயரோடு அவரவர் பெயர் ஏறுகிறது. அதுவரை தந்தையின் பெயரில் எழுதப்பட்ட மொய், பலருக்கு இங்கேதான் சொந்தப் பெயருக்கு மாறுகிறது. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. அந்த நோட்டில் பெயர் ஏறியவரைக் கொடுக்கல் வாங்கலுக்கு உரிய தனி ஆளாக ஊர் ஏற்றுக்கொள்கிறது.

அடுத்த மாற்றம் உறவுமுறையில் நிகழ்கிறது. பெற்றோரின் நண்பரைக் குழந்தை அழைக்கத் தமிழில் தனிச்சொல் கிடையாது. உறவுப் பெயர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நண்பனின் மனைவியைத் தங்கச்சி என்று அழைத்தவர் குழந்தைக்கு மாமா ஆகிறார். அண்ணி என்று அழைத்தவர் சித்தப்பா ஆகிறார். தாயின் தோழி வயதைப் பொறுத்துச் சித்தியோ பெரியம்மாவோ ஆவார். தந்தையோடு வேலை செய்யும் பெண் அத்தை ஆவார். ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் இதே இடத்தில் பாபாய், பின்னி என்ற பெயர்கள் ஒலிக்கின்றன.

முறை வைத்து அழைப்பது வெறும் மரியாதைக்காக மட்டுமல்ல. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். உடன்பிறந்தோர் குறையும்போது அடுத்த தலைமுறைக்குச் சொந்த மாமாவும் சித்தியும் குறைகிறார்கள். அந்த இடத்தில் பெற்றோரின் நண்பர்கள் வந்து நிற்கிறார்கள்.

விடுப்பும் ஷிஃப்ட்டும்

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. இ.எஸ்.ஐ.யில் உள்ள பெண் தொழிலாளிக்கும் 26 வாரப் பலன் உண்டு. தந்தையின் நிலை வேறு. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு இருக்கிறது; தனியார் ஆலைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

அந்தக் குறையை நண்பர்களே ஈடுகட்டுகிறார்கள். பிரசவ வலி கண்ட இரவில் ஒருவர் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறார், இன்னொருவர் தன் ஷிஃப்ட் முடிந்தும் நின்று டபுள் டூட்டி பார்க்கிறார். தலைப்பிரசவத்துக்கு மனைவி தாய்வீடு போயிருந்தால், அந்த ஊர் போய்வரவும் நாள் வேண்டும். தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, சுயமாக முடிவெடுப்பது, சொந்தக் காலில் நிற்பது ஆகியவையே வளர்ந்தவரின் அடையாளம் என்று அமெரிக்க இளைஞர்கள் கருதுவதாக உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் எழுதியிருக்கிறார். ஆலையில் அந்த அடையாளம் இன்னும் ஒரு படி போகிறது: அடுத்தவர் வராத நாளுக்கும் பொறுப்பேற்பவரே அங்கே பெரிய ஆள்.

வரிசையில் பிந்தியவர்கள்

இந்த உணர்வு எல்லோருக்கும் இனிப்பதில்லை. மணமாகாத பெண்ணிடம் ‘உனக்கு எப்போ?’ என்றும், மணமாகிக் குழந்தையில்லாதவரிடம் ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்றும் கேள்வி வரும். தோழியின் வளைகாப்பில் குழந்தையில்லாத பெண்ணுக்கு முதலில் வளையல் போட்டுவிடும் வீடுகளும் உண்டு, அவரைத் தள்ளி நிறுத்தும் வீடுகளும் உண்டு. ஆண்களிடம் கேள்வி குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் துணைக்கு ஆள் இருக்காது.

குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதில் நண்பர்களின் சந்திப்பு ஓரளவு மீள்கிறது, இப்போது குடும்பத்தோடு. பிந்திப் பிள்ளை பெற்றவருக்கு, முன்பு எழுதிய மொய் அவர் வீட்டுக் காதுகுத்தில் திரும்பி வருகிறது. பிள்ளையில்லாதவருக்கு அது திரும்ப, வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும்.