மகஜர் சாட்சி

வீட்டைச் சோதனையிடப் போலீஸார் வந்து நிற்கையில் நம் ஜனங்களிற் பலர் அஞ்சி ஒதுங்கி மூலையில் நின்றுவிடுகின்றனர். சிலர் வாயிலை மறித்து வாதாடுகின்றனர். முன்னவர் தம் உரிமையை இழக்கின்றனர். பின்னவர் புதிய வழக்கொன்றைத் தேடிக்கொள்கின்றனர். சட்டம் அறிந்தவர் செய்யத்தக்கது வேறு.

2024 ஜூலை 1 முதல் நம் தேசத்தில் அமலில் இருப்பது பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை என்னும் 2023-ஆம் வருஷத்துச் சட்டம். வாரண்டைக் காட்டிக் கேட்கும் அதிகாரிக்கு வீட்டுக்காரர் வழிவிட்டே தீரவேண்டும். புலன் விசாரணை செய்யும் அதிகாரி, தாமதத்துக்கு இடமில்லையெனில், 185-ஆவது பிரிவின்படி வாரண்டு இன்றியும் சோதனையிடலாம். ஆனால் அதற்குரிய காரணங்களையும், கூடியவரை தேடும் பொருள் இன்னதென்பதையும் அவர் முன்னதாக எழுதிவைத்தல் வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்படவேண்டும். வீட்டுக்காரர் மனுச் செய்துகொண்டால் மாஜிஸ்திரேட்டு அந்நகலை இலவசமாகவே அளிப்பார்.

சோதனை நடக்கவேண்டிய முறையை 103-ஆவது பிரிவு வகுக்கிறது. அவ்விடத்தில் வசிப்போருள் எப்பக்கமும் சாராத கண்ணியமுள்ள இருவரையேனும் சாட்சியாக அழைத்து, அவர்கள் முன்னிலையில் சோதனையிடவேண்டும். வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்கலாம். எடுத்த பொருள்களையும் அவை அகப்பட்ட இடங்களையும் பட்டியலிட்டு, சாட்சிகளின் கையொப்பம் பெற்று, நகலொன்றை வீட்டுக்காரரிடம் கொடுக்கவேண்டும். ஸ்திரீயின் உடலைச் சோதிப்பவர் ஸ்திரீயாகவே இருத்தல் வேண்டும். இவையனைத்தும் ஒலியுடன் படமாகப் பதிவாகவேண்டும் என்பது 105-ஆவது பிரிவு புதிதாகச் சேர்த்த விதி.

இரு சாட்சிகள் என்னும் ஏற்பாடு பழையது. அந்நிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1898-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் அது 103-ஆவது பிரிவாகவே இருந்தது. இல்லாத பொருளை வைத்து எடுத்தார்கள் என்ற பழி போலீஸாருக்கு நேராமலும், அவ்வாறே வைக்கப்படும் அபாயம் வீட்டுக்காரருக்கு நேராமலும் காப்பது அதன் நோக்கம்.

ஆயினும் நடப்பது என்ன? ஜீப்பைக் கண்டதும் அண்டை வீட்டார் கதவைத் தாழிடுகின்றனர். அப்பொழுது ஸ்டேஷனுக்குப் பழகிய ஒருவர் சாட்சியாகிறார். காணாததைக் கண்டதாக மகஜரில் கையொப்பமிடுகிறார். இக்குற்றத்தில் கதவடைத்தவருக்கும் பங்கு உண்டென்பது நமது அபிப்பிராயம். எழுத்து மூலம் அழைத்தும் தக்க காரணமின்றி மறுப்பது சட்டப்படியே குற்றம். பிரத்தியேகமாகச் சம்மன் வந்தாலன்றிச் சாட்சி கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை என்றும் அதே பிரிவு கூறுகிறது.

பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பதும் பிசகு. சோதனை முறைதவறியது என்ற ஒன்றினாலேயே அகப்பட்ட பொருள் சாட்சியத்துக்கு உதவாமற் போகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1973-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே விதி பிறழாமல் காக்கும் சமயம் சோதனை நடக்கும் சமயமேயாகும்.

வீட்டுக்காரர் தடுக்கவேண்டாம்; உடன் நின்று பார்க்கட்டும்; பட்டியலின் நகலைக் கேட்டுப் பெறட்டும்; மறுநாளே மாஜிஸ்திரேட்டுக்கு மனுச் செய்யட்டும். சாட்சியாக நிற்பவர் எழுதாத காகிதத்திலோ, படித்துப் பாராத மகஜரிலோ கையொப்பமிடலாகாது. தேச ஊழியர்கள் இதைத் தெருத் தெருவாக எடுத்துரைத்து, அழைத்தால் அஞ்சாமல் வரும் இருவரை ஒவ்வொரு தெருவிலும் ஆயத்தம் செய்வார்களென நம்புகிறோம்.