உடவத்தகெலேக் காட்டில் ஒரு நடை

காடு என்றதும் நம்மில் பலருக்கு ஓடி ஒளிந்த நாட்களே நினைவுக்கு வரும். சும்மா உலாத்துவதற்கென்றும் ஒரு காடு இருக்கிறது. கண்டி நகருக்குள்ளே, தலதா மாளிகைக்குப் பின்னால், ஏறத்தாழ 104 ஹெக்டேயரில் உடவத்தகெலே. 1856இல் ஒதுக்குக்காடாகி, 1938இல் சரணாலயமானது. கண்டி அரசர்கள் நீராடிய குளமும் உள்ளே உண்டு. ஒரு பாதைக்கு ஆளுநர் ஹோர்ட்டனின் மனைவியின் பெயர். மரத்துக்கு மரம் பெருங்கொடிகள், நடுப்பகலிலும் நிழல்தான்.

மழை பெய்திருந்தால் அட்டை கடிக்கும், கணுக்காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. வீட்டு வேலை கிடக்க இதென்ன உலாத்தல் என்று யாரும் கேட்டால், கேட்கட்டும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். சாப்பாட்டுப் பொதியை வெளியே எடுக்காதீர்கள். கிளை சடாரென்று அசைந்தால் திடுக்கிட வேண்டாம், பெரும்பாலும் குரங்குதான்.