இன்டர்நெட்டே இல்லாத கம்ப்யூட்டரில் செய்த சாவி! 9 லட்சம் டாலர் மாயமானது எப்படி?

பூட்டு உடையவில்லை. சாவியும் தொலையவில்லை. ஆனால் பெட்டி காலி!

2023-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி வாக்கில் பலருடைய பிட்காயின் பணம் இப்படித்தான் மாயமானது. போனது 9 லட்சம் டாலருக்கு மேல். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 7 கோடி ரூபாய்!

பறிகொடுத்தவர்களில் ஏமாளிகள் அல்ல, படு உஷாரான பேர்வழிகளும் இருந்தார்கள்.

பிட்காயினுக்கு பாங்கி கிடையாது, மானேஜர் கிடையாது. ரகசியச் சாவி யார் கையில் இருக்கிறதோ, பணம் அவருக்கே. சாவி என்றால் இரும்புச் சாவி அல்ல, நீளமான ஒரு எண். எழுதி வைக்க வசதியாக, 2 ஆயிரத்து 48 ஆங்கிலச் சொற்கள் உள்ள பட்டியலைக் கொண்டு அதை 12 அல்லது 24 சொற்களாக மாற்றுவார்கள். அந்தச் சொற்கள் இருந்தால் எல்லாச் சாவிகளையும் மறுபடி செய்துவிடலாம்.

உஷார் பேர்வழிகள் இதற்காக இன்டர்நெட் இணைப்பே இல்லாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டார்கள். அதில் "பி.எக்ஸ்." என்ற புரோகிராம். படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் "பி.எக்ஸ். சீட்" என்று கட்டளை டைப் அடித்தால் எண் வந்து விழும். பிட்காயின் பற்றிய பிரபல புத்தகத்திலேயே இந்தக் கட்டளை இருந்தது. பிறகு சந்தேகம் எப்படி வரும்?

கடிகாரம் செய்த கோளாறு

3 எண் பூட்டு உள்ள சூட்கேசை 000 முதல் 999 வரை திருப்பிக்கொண்டே போனால் ஆயிரம் தடவைக்குள் திறந்துவிடும். பொறுமைதான் வேண்டும். இங்கேயும் அதே கதை!

அந்தப் புரோகிராமின் 3-வது பதிப்பு, கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணைத் தயாரித்தது. அதனால் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான் வர முடியும். நமக்கு மலைப்பு! கம்ப்யூட்டருக்கோ சில நாள் வேலை. ஒழுங்கான 12 சொல் சாவிக்கு 39 இலக்கம் வரை போகும் அளவுக்கு வாய்ப்புகள் உண்டு. இதில் 24 சொல் எழுதியவர்களுக்கும் அதே 429 கோடிதான். தேக்குக் கதவுக்கு நூல் தாழ்ப்பாள்!

திருடன் யார் வீட்டுக்கும் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சாவிகளைச் செய்து, எதில் பணம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். பிட்காயின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் பார்க்கலாமே!

இந்தக் குட்டு 2023 ஆகஸ்டில் வெளியானது. கடிகாரத்தை பூஜ்யத்தில் வைத்துக் கட்டளை கொடுத்தபோது முதலில் வந்த 2 சொற்கள் "மில்க்", "சேட்". அதாவது பால், சோகம். துப்பு துலக்கியவர்கள் இந்த விவகாரத்துக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள்!

இந்தக் கட்டளையால் பலம் குறையலாம் என்று குறிப்பிலேயே எச்சரித்திருந்தோமே என்றார்கள் புரோகிராமைத் தயாரித்தவர்கள். குறிப்பை யார் படிக்கிறார்கள், சொல்லுங்கள்!

பகடை 99 தடவை

கம்ப்யூட்டர் தரும் எண்ணையே நம்பாமல் பகடை உருட்டுகிறவர்களும் உண்டு. 24 சொல்லுக்கு 99 தடவை உருட்ட வேண்டும். விழுந்த எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால், மீதிக் கணக்கை மட்டும் கம்ப்யூட்டர் போடும். கை வலிக்கும், வேறு கஷ்டம் இல்லை.

அந்த 3-வது பதிப்பில் செய்த பழைய சாவியை பீரோவில் பூட்டினாலும், இரும்புத் தகட்டில் பொறித்தாலும் பலன் இல்லை. வேறு இடத்தில் புதுச் சாவி செய்து, பணத்தை அதற்கு மாற்றிவிட வேண்டியதுதான்.