சனி, ஞாயிறில் வெளிநாட்டு இசை விழா: ஓமந்தூரிலிருந்து தனியாகப் போய்வர முடியுமா?

திண்டிவனம் பக்கம் ஓமந்தூரில் இருக்கும் ஒரு இளைஞர், வார இறுதியில் மலேசியாவுக்குப் போய் இசை விழாவில் பாட்டுக் கேட்டு, ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குத் திரும்பிவிட முடியுமா? முடியும். விமானம் இருக்கிறது. இந்தியர்களுக்கு இப்போது விசாவும் தேவையில்லை. ஆனால், "தனியாவா போற? அங்க உனக்கு யாரைத் தெரியும்?" என்று வீட்டில் கேட்கும் அதே கேள்வியை விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியும் கேட்பார். வீட்டில் சமாளித்துவிடலாம். அங்கே பதில் இல்லாவிட்டால், செலவழித்த பணம் மொத்தமும் போய்விடும்.

எந்த விழா, எங்கே?

மலேசியாவின் சரவாக் மாநிலத் தலைநகர் கூச்சிங். அங்கிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில், சந்துபோங் மலையடிவாரத்தில் உள்ள சரவாக் கலாசார கிராமத்தில் 'மழைக்காடு உலக இசை விழா' நடக்கிறது. 1998-ல் தொடங்கியது. வழக்கமாக ஜூன் அல்லது ஜூலையில், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள். 2025-ல் ஜூன் 20 முதல் 22 வரை நடந்தது.

இங்கே இரவுக் கச்சேரி மட்டும் இல்லை. பகலில், அங்குள்ள பழங்குடி மக்களின் மர வீடுகளுக்குள் சிறு சிறு அமர்வுகள் நடக்கும். பல நாட்டுக் கலைஞர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அவரவர் ஊர்க் கருவியைக் காட்டி, வாசித்து, பிறகு சேர்ந்தும் வாசிப்பார்கள். கேட்பவர்கள் எட்டடி தூரத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சரவாக்கின் ஒராங் உலு மக்கள் வாசிக்கும் 'சப்பே' என்ற தந்திக் கருவியை அவ்வளவு கிட்டத்தில் கேட்கலாம். சபா கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கும், திருவிழாவில் மேளத்துக்குப் பக்கத்திலேயே நின்று பழகியவர்களுக்கும் இது பிடிக்கும்.

'வார இறுதி' என்பது எத்தனை நாள்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு நாள் விடுப்பு கட்டாயம் தேவை. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னையிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். வியாழன் இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால், இறங்கும்போது அங்கே வெள்ளி காலை ஆறு மணி. அங்கிருந்து கூச்சிங் இன்னும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், வெள்ளி மதியம் விடுதிக்குப் போய்விடலாம்.

திரும்பும்போதுதான் சிக்கல். ஞாயிறு கச்சேரி இரவு வெகுநேரம் நீளும். அதை முழுசா கேட்க வேண்டுமென்றால், திங்கள்கிழமைதான் விமானம். ஆக, வெள்ளியும் திங்களும் விடுப்பு.

சென்னைப் பயணத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். தெற்கிலிருந்து வரும் வெளியூர் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும் என்பதால், வியாழன் மாலை நான்கு மணிக்காவது திண்டிவனத்தை விட்டுக் கிளம்புவது நல்லது.

விசா இல்லை என்றால் தடையும் இல்லையா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் விசா விலக்கு என்பது உள்ளே விடுவதற்கான உத்தரவாதம் அல்ல. கவுன்டரில் இருக்கும் அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால், அங்கிருந்தே அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடலாம்.

சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. 'சுற்றுலா' என்று சொல்லிப் போய், ஏஜென்ட் பேச்சை நம்பி அங்கேயே வேலைக்குத் தங்கிவிடுபவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், மூன்று நாளில் போய்த் திரும்பும் 'குருவி'களும் உண்டு. முதல் பாஸ்போர்ட், தனி ஆள், சின்ன ஊர், மூன்று நாள் பயணம் என்றால் இரண்டு சந்தேகமும் வரும்.

எனவே, 'நான் திரும்பி வந்துவிடுவேன்' என்பதற்கான ஆதாரத்தைக் காகிதமாகவே எடுத்துப் போக வேண்டும். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, விழா டிக்கெட், வேலை பார்க்கும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகிய ஐந்தும் போதும். போனில் இருக்கிறது என்று நம்பிப் போக வேண்டாம். சார்ஜ் தீர்ந்துவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற குறிப்பு இருக்கலாம். வேலைக்குப் போக அரசின் முன்அனுமதி வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனாலும் சென்னையிலேயே கேள்வி வரும். திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

வேறு என்ன செய்ய வேண்டும்?

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பதற்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல.

சரவாக்குக்குக் குடியேற்ற விஷயத்தில் தனி அதிகாரம் உண்டு. கோலாலம்பூரிலிருந்து போவது உள்நாட்டு விமானம்தான் என்றாலும், கூச்சிங்கில் மறுபடியும் பாஸ்போர்ட் சோதனை நடக்கும். எனவே காகிதங்களைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால், இடையில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுவது நல்லது. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், பொறுப்பு பயணியுடையது.

வங்கி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே செய்துவிட வேண்டும்.

என்னென்ன பார்க்கலாம்?

விழா சூடுபிடிப்பது பிற்பகலில்தான். காலைகள் சுற்றிப் பார்க்கக் கிடைக்கும். செமெங்கோ காட்டுயிர் மையத்தில் காலையும் மதியமும் ஒராங்குட்டான்களுக்கு உணவு வைப்பார்கள். காட்டில் பழம் பழுக்கும் பருவத்தில் அவை வராமலும் போகலாம். கூச்சிங் நகரில் 2022-ல் திறந்த போர்னியோ பண்பாட்டு அருங்காட்சியகத்துக்கு அரை நாள் வேண்டும். ஆற்றங்கரை அருகே 'இந்தியத் தெரு' இருக்கிறது. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 19-ம் நூற்றாண்டில் அமைத்த பள்ளிவாசலும் அங்கேயே உள்ளது. பாக்கோ தேசியப் பூங்காவுக்குப் படகில்தான் போக வேண்டும். அலையின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்தே படகு ஓடும் என்பதால், இந்தக் குறுகிய பயணத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது.

தனியாகப் போகிறவர்கள் கவனிக்க

விழா நாட்களில் நகரிலிருந்து பேருந்து விடுவார்கள். இரவில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் போனவுடனேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மழைக்காடு என்ற பெயர் சும்மா வைத்ததல்ல. மழைக்கோட்டும், சேற்றில் நடக்கச் செருப்பும் வேண்டும். தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினால் அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். அவசரத்துக்கு அங்கே 999.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: விமான நிலையத்தில் "தம்பி, இதை மட்டும் எடுத்துட்டுப் போறியா? அங்க ஆள் வந்து வாங்கிக்குவாங்க" என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சொந்த ஊர்க்காரர் கொடுத்தாலும் கூடாது. மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று தெரியாது என்றால் எளிதில் நம்ப மாட்டார்கள்.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லையா?

ஓமந்தூரார் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1947-49 காலத்தில், அவர் ஊரிலிருந்து பஸ் தூரத்தில் இருக்கும் புதுச்சேரியே வெளிநாடுதான். 1954 நவம்பர் 1-ல்தான் அதன் நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. பிரான்ஸில் 1982-ல் தொடங்கிய உலக இசை நாள், ஜூன் 21-ஐ ஒட்டி இப்போதும் புதுச்சேரியில் கொண்டாடப்படுகிறது. தெரியாத கூட்டத்தில் தனியாக நின்று பாட்டுக் கேட்பது ஒத்துவருமா என்பதை முதலில் அங்கே போய்ப் பார்த்துவிடலாம். செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான். ஒத்துவந்தால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அடுத்த ஆண்டு விழாத் தேதி அறிவித்ததும் முதலில் விடுப்பு, பிறகு விழா டிக்கெட், அதன் பிறகு விமான டிக்கெட் என்ற வரிசையில் போவது பணத்துக்குப் பாதுகாப்பு.