ஒரே காற்று, நான்கு பெயர்

ஜெர்மன் வீடுகளில் நிலவறையிலோ பரணிலோ பொருத்தும் காற்றோட்டப் பெட்டிக்கு வழக்கமாக நான்கு குழாய்வாய்கள் இருக்கும். நான்கிலும் ஓடுவது வெறும் காற்றுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர்.

'லுஃப்ட்' என்றால் காற்று. வெளியிலிருந்து பெட்டிக்குள் வருவது 'ஆவ்ஸன்லுஃப்ட்'. அங்கே வடிகட்டி அறைக்கு அனுப்பப்படுவது 'ட்ஸூலுஃப்ட்'. நாம் மூச்சுவிட்டு, சமைத்து, குளித்துப் பழசாக்கியபின் பெட்டிக்குத் திரும்புவது 'அப்லுஃப்ட்'. பெட்டியைத் தாண்டி வெளியே போய்த் தொலைவது 'ஃபோர்ட்லுஃப்ட்'. வரும் திசை பார்த்துத் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று பெயரிட்ட நமக்கு இது வியப்பில்லை. என்ன, இங்கே வடக்கு தெற்கு கிடையாது. நடுவில் நிற்கும் பெட்டிதான் கணக்கு.

அகராதியை நம்பும் மொழிபெயர்ப்பாளர் வழுக்குவது கடைசி இரண்டில். இரண்டையும் 'வெளியேறும் காற்று' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதினால் பெட்டியின் வேலையே மறைந்துபோகும். வெளியே 0 டிகிரி, அறையில் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் இரு காற்றும் மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஓடுகின்றன. கலப்பதில்லை, வெப்பம் மட்டும் கைமாறுகிறது. 80 சதவீதம் கைமாறினால், 20 டிகிரியில் நுழைந்த அப்லுஃப்ட், ஏறத்தாழ 4 டிகிரி ஃபோர்ட்லுஃப்டாக வெளியேறும். வெளிக்காற்று 16 டிகிரிக்குச் சூடேறி ட்ஸூலுஃப்ட் ஆகும். 1991-இல் டார்ம்ஷ்டாட் நகரில் கட்டப்பட்ட முதல் 'பாஸிவ்ஹவுஸ்' வீடுகள், மிகக் குறைந்த சூடேற்றத்தோடு குளிர்காலத்தைக் கடக்க இந்தக் கைமாற்றமும் ஒரு காரணம்.

அடுப்புக்கு மேல் மாட்டும் புகைபோக்கி விசிறியிலும் இந்தச் சொற்கள் உண்டு. காற்றை வடிகட்டி அறைக்கே திருப்பிவிடுவது 'உம்லுஃப்ட்' வகை. வெளியே தள்ளுவது 'அப்லுஃப்ட்' வகை, வம்பு இதில்தான். ஜன்னல்கள் இறுக்கமாக மூடிய வீட்டில் விசிறி காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் அறையின் அழுத்தம் குறையும். அதே வீட்டில் விறகுக் கணப்பு எரிந்தால், மேலே போகவேண்டிய புகையும் கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் இழுக்கப்படும். அழுத்தம் 4 பாஸ்கலுக்கு மேல் குறையக்கூடாது என்பது அங்குள்ள பொது அளவுகோல். நம் சுவாசத்தில் உறைக்கவே உறைக்காத வித்தியாசம் அது.

அதனால் விசிறியின் கையேட்டில் 'போதிய ட்ஸூலுஃப்ட் வேண்டும்' என்ற எச்சரிக்கை தவறாமல் இருக்கும். இங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள், இழந்த காற்றை ஈடுகட்ட உள்ளே வரும் காற்று. கணப்பு உள்ள வீடுகளில் பலர் ஜன்னல் சட்டத்தில் ஒரு சுவிட்சையும் பொருத்துகிறார்கள். ஜன்னல் திறக்காதவரை விசிறி சுழலாது.